வாசித்துக் காட்டும் மாலைகள்

வாழ்க்கைக்கு ஒரு நோக்கத்தைத் தேடிக்கொள்வது எப்படி என்று கற்றுத்தரும் காணொளிகளுக்கு இப்போது பஞ்சமில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழச் சொல்பவர், மனத்துக்குப் பிடித்ததையே தொழிலாக்கிக்கொள்ளச் சொல்பவர், ஐந்தாண்டுத் திட்டத்தை எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்பவர் என்று பலரை, வேலை முடிந்து வீடு வந்த அலுப்பில், ஒருவர் மாற்றி ஒருவராக நானும் கேட்டிருக்கிறேன். அவர்களுடைய பேச்சு முழுவதும் ஒரு குறிப்பிட்ட வகைக் கேட்பவரை மனத்தில் வைத்தே நடக்கிறது. அவருக்குத் தனியறை இருக்கிறது, ஓய்வு நேரம் இருக்கிறது, பிடித்த தொழிலில் இறங்கித் தோற்றாலும் ஓராண்டு தாங்குகிற அளவுக்குப் பணம் இருக்கிறது. தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே ஓடும் மின்சார ரயிலில் கடலைமிட்டாயும் பேனாவும் விற்றுக்கொண்டு பெட்டி பெட்டியாக நடக்கும் பார்வையற்றவர்களை நினைத்துப் பார்த்தால், அந்த அறிவுரை எவ்வளவு சிலருக்கானது என்பது விளங்கும். அவர்களில் பட்டம் பெற்றவர்கள் உண்டு. ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களும் உண்டு. அவர்களுடைய நோக்கம் பல ஆண்டுகளாகத் தெளிவாகவே இருக்கிறது. வேலைதான் கிடைக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு, கல்லூரியில் பணிபுரியும் என் தோழி ஒருவர், முதுகலை வரலாறு படிக்கும் பார்வை மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவருக்கு ஒரு பாடநூலை வாசித்து ஒலிப்பதிவு செய்து தர முடியுமா என்று கேட்டார். தேர்வுக்கு நாள் குறைவாக இருந்தது. நான் சரி என்றதற்குப் பின்னால் உயர்ந்த எண்ணம் எதுவும் இல்லை. அந்தத் தோழியிடம் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். அந்த நூல் முடிந்ததும் அடுத்தது வந்தது. பிறகு அந்த மாணவரின் விடுதி அறைத் தோழர் வந்தார். அவருடைய ஊர்க்காரர் ஒருவர், ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்லி என் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இன்று என் மாலை நேரங்கள் எப்படிக் கழிய வேண்டும் என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்வது இந்த வேலைதான்.

பார்வையற்றவர்களுக்குத்தான் பிரெய்ல் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. ஆறு புள்ளிகளைக் கொண்டு 63 குறிகளை அமைக்கும் அந்த முறையில், இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் 1951இல் ஏற்கப்பட்டது. தமிழையும் அதில் எழுதலாம், படிக்கலாம். ஆனால் அச்சில் கையடக்கமாக இருக்கும் ஒரு நூல் பிரெய்லில் பல தடித்த தொகுதிகளாகப் பெருகிவிடும். சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்லுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, அது போற்றத்தக்கது. ஆயினும் தருமபுரி மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒருவருக்கு வேண்டியது, பெரும்பாலும் அவருடைய பேராசிரியர் வகுப்பில் பெயர் சொல்லிவிட்டுப் போன நூலும், சக மாணவர்கள் ஆளுக்கொரு படி எடுத்துக்கொண்ட கையெழுத்துக் குறிப்புகளும்தான். அவற்றைப் பிரெய்லில் அச்சிட்டு வைத்திருக்கும் நூலகம் எங்கும் இல்லை.

கணினி இருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்களில் பலரும் பயன்படுத்தும் என்விடிஏ, மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006இல் எழுதத் தொடங்கியது. அது இலவசம், தமிழையும் வாசிக்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசியிலேயே, இதே வேலையைச் செய்யும் டாக்பேக் இருக்கிறது. கருவிகள் இப்படித் தயாராக இருக்க, தடையாக நிற்பவை நம்முடைய கோப்புகள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில விசைகளின் மேல் தமிழ் எழுத்தின் உருவம் மட்டும் ஒட்டப்பட்டிருக்கும். அதில் தட்டச்சு செய்த 'தமிழ்' என்ற சொல் கண்ணுக்குத் தமிழாகத் தெரிய, மென்பொருளோ அதை 'ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி' என்று வாசிக்கும். எழுத்துகளுக்குத் தனித்தனிக் குறியெண் தரும் ஒருங்குறியை (யூனிகோடை) தமிழ்நாடு அரசு 2010லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. இன்றைக்கும் தேர்வு வழிகாட்டிகள் முதல் துறைக் குறிப்புகள் வரை எத்தனையோ கோப்புகள் பழைய எழுத்துருவிலோ, பக்கத்தைப் படம் பிடித்துச் சேர்த்த வெறும் படமாகவோதான் வருகின்றன. படமாக வந்த பக்கத்தில் மென்பொருளுக்கு வாசிக்க எதுவுமே இல்லை.

ஆகவே ஒரு குரல் தேவைப்படுகிறது. அந்தக் குரலாக இருப்பது நான் நினைத்ததைவிட நுட்பமான வேலை. ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் பக்க எண்ணைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மாணவர் தன் கட்டுரையில் மேற்கோளுக்கு இடம் குறிக்க இயலாது. அடைப்புக்குறி எங்கே திறக்கிறது, மேற்கோள் எங்கே முடிகிறது, அடிக்குறிப்பை இப்போது வாசிப்பதா பத்தியின் இறுதியில் வாசிப்பதா என்பவற்றையெல்லாம் முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ள வேண்டும். காதால் மட்டுமே படிக்கும் ஒருவருக்குச் சொல்லின் எழுத்தைக் காட்டுவது வாசிப்பவரின் உச்சரிப்பே என்பதால், லகர ளகர ழகரங்களைக் கலந்து வாசித்தால் அந்தக் கலப்பு அவர் தட்டச்சு செய்யும் கட்டுரைவரை போகும். பேச்சில் அதிகம் வேறுபடாத னகர ணகரங்களைப் பெயர்ச்சொற்களில் பிரித்துச் சொல்லியாக வேண்டும். இரண்டு சுழி, மூன்று சுழி என்பது எழுத்தின் உருவத்தைப் பார்த்தவருக்கே பொருள்படும். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரிடம் றன்னகரம், டண்ணகரம் என்று ஒலியைக் கொண்டு சொல்லும் பழைய பெயர்களே பயன்படுகின்றன. பள்ளித் தமிழாசிரியர் அவற்றை ஏன் அப்படி வற்புறுத்திச் சொல்லித்தந்தார் என்பது எனக்கு நாற்பதை நெருங்கும் வயதில்தான் விளங்கியது.

பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் காற்றின் இரைச்சல் குரலை மூடிவிடும். சென்னையில் மே மாதத்தில் இதன் பொருள் என்ன என்பதை விளக்கத் தேவையில்லை. அடுத்த வீட்டுக் குக்கரின் விசில், தெருவில் பழைய இரும்பு வாங்குபவரின் ஒலிபெருக்கி, குழாயில் தண்ணீர் வரும் நேரத்துச் சண்டை ஆகியவற்றுக்கெல்லாம் இடைவெளி கொடுத்து, இரவு ஒன்பதரைக்கு மேல்தான் வேலை ஓடும். இவ்வளவு பாடுபட்டு நிறுத்தி நிதானமாக வாசித்ததை அவர்கள் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறார்கள் என்று தெரிந்த நாளில் சிறிது மனத்தாங்கல் ஏற்பட்டது உண்மை.

என் கவனம் எனக்குத் திரும்பக் கிடைத்தது இந்த வேலையின் நடுவில்தான். பேசாமல் படிக்கும்போது கண் வரிகளின் மேல் வழுக்கிக்கொண்டே போகும், மனம் வேறெங்கோ இருக்கும், பக்கமும் புரண்டுவிடும். வாயால் வாசிக்கும்போது அது நடக்காது. புரியாமல் வாசித்த வாக்கியம் குரலிலேயே காட்டிக்கொடுத்துவிடும். பதிவின் நடுவே அழைப்பு வந்தால் பதிவு அறுந்துபோகும் என்பதால் கைப்பேசியின் இணைப்புகளை அணைத்துவிட்டே உட்கார வேண்டும். நான் தியானம் பழகவில்லை, செயலிகளை நீக்கவில்லை, மன உறுதி எதையும் வளர்த்துக்கொள்ளவும் இல்லை. மறுநாள் காலையில் ஒருவர் அந்தப் பதிவுக்காகக் காத்திருப்பார் என்ற ஒரே காரணத்தால் ஒன்றரை மணி நேரம் நான் ஒரே இடத்தில், ஒரே நூலில் இருந்தேன். கவனச்சிதறலைத் தனிமனிதனின் ஒழுக்கக் குறைபாடாகவே பேசுகிறவர்களிடம் எனக்கு இருக்கும் ஐயம் இங்கிருந்து வந்ததுதான். நம்முடைய கவனத்தைத் தின்று வளரும் நிறுவனங்கள் பெரியவை, தம் வேலையில் தேர்ந்தவை. அவற்றை எதிர்த்துத் தனியாக உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு வெல்வது எல்லோராலும் ஆகிற காரியமல்ல. நம் வேலைக்காக எங்கோ ஒருவர் காத்திருக்கும்போது அதே காரியம் அவ்வளவு கடினமாக இருப்பதில்லை.

வாசிக்கும் பொருளும் மாறிவிட்டது. ரயத்துவாரி முறையைப் பள்ளியில் நானும் படித்தேன், மதிப்பெண்ணும் வாங்கினேன், மறந்தும் விட்டேன். 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த பாராமகால் பகுதியில் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ் இருந்த தாமஸ் மன்றோவும் உழவரிடமே நேரடியாக வரி விதிக்கத் தொடங்கியது, அது பின்னர் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது ஆகியவற்றை அந்த வரலாற்று மாணவருக்காக உரக்க வாசித்து அனுப்பிய மறுநாள் அவர் அழைத்தார். "பாராமகால்னா எங்க தருமபுரிப் பக்கம்தானே அக்கா? அப்ப எங்க பாட்டன் பூட்டன் நெலத்துக்கும் அன்னைக்கே வரி போட்டிருப்பாங்க" என்றார். சற்றுப் பொறுத்து, "நெலம்னு ஒண்ணு இருந்திருந்தா" என்று சொல்லிச் சிரித்தார். அவருடைய பெற்றோர் இருவரும் விவசாயக் கூலிகள். அந்த அழைப்புக்குப் பிறகு நிலவரியைப் பற்றிய அந்தப் பாடத்தை நான் மீண்டும் எடுத்து, யார் பெயரில் பட்டா எழுதப்பட்டது, யார் பெயர் அதில் வரவேயில்லை என்று எனக்காகவே படித்தேன்.

வாசித்துக் காட்ட வீட்டில் ஆள் இருப்பதுகூட ஒரு சொத்து என்பதையும் இந்த மாணவர்களிடமிருந்தே அறிந்தேன். 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த, முழுமையாகப் பார்வையற்ற முதல் அலுவலரான சென்னையின் பெனோ ஜெபைனும், 2019ஆம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்வில் 286ஆம் இடம் பெற்ற மதுரையின் பூரண சுந்தரியும், தங்கள் பெற்றோர் மணிக்கணக்கில் நூல்களை வாசித்துக் காட்டியதை நன்றியோடு சொல்லியிருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பு மிகப் பெரியது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எழுத்தறியாத பெற்றோருக்குப் பிறந்த, அவர்களைப் போலவே அறிவுக்கூர்மை உள்ள ஒருவருக்கு அந்த மணிக்கணக்கை யார் கொடுப்பது? விடுதி அறையில் ஓரளவு பார்வை உள்ளவர் ஒருவர் இருந்துவிட்டால், அறையில் உள்ள எல்லோருடைய கடிதங்களையும் மருந்துச் சீட்டுகளையும் தேர்வு அறிவிப்புகளையும் வாசிப்பது அவர் தலையில் விழுகிறது, அவருடைய படிப்பு பின்தங்குகிறது. அரசு வாசிப்பாளர் உதவித்தொகை என்று ஒன்று தருகிறது; நல்ல திட்டம்தான், ஆனால் அந்தத் தொகையைக் கொண்டு ஒருவரை மாலைதோறும் அமர்த்திக்கொள்ள இயலாது.

தேர்வு எழுதும் இடத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. பார்வையற்ற தேர்வர் சொல்லச் சொல்ல எழுதித் தருபவரை எல்லோரும் ஸ்க்ரைப் என்றே சொல்கிறார்கள். 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், மணிக்கு இருபது நிமிடம் கூடுதல் நேரம் தர வேண்டும் என்று சொன்னதோடு, தேர்வரே அழைத்துவரும் ஸ்க்ரைபின் கல்வித் தகுதி தேர்வரின் தகுதிக்கு ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்றும் சொல்லின. முறைகேட்டைத் தடுப்பது அதன் நோக்கம், அது புரிகிறது. விளைவு என்னவென்றால், முதுகலை முடித்த நான் இவர்களில் யாருக்கும் தேர்வு எழுத உதவ முடியாது. இளங்கலை படிப்பவர்களைத் தேட வேண்டும், அவர்களுக்கோ அதே பருவத்தில் சொந்தத் தேர்வுகள். வருகிறேன் என்று வாக்களித்தவர் காலை ஒன்பது மணிக்குக் கைப்பேசியை அணைத்துவிட்டால், ஆண்டு முழுவதும் படித்தவர் தேர்வுக்கூடத்தின் வாசலில் நிற்பார். 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசு வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு நான்கு விழுக்காடும், அதில் பார்வையற்றோருக்கும் குறைபார்வை உடையோருக்குமாக ஒரு விழுக்காடும் ஒதுக்குகிறது. அந்த ஒரு விழுக்காட்டுக்கான போட்டிக்குள் நுழைவதற்கே இன்னொருவருடைய ஒரு காலை நேரம் தேவைப்படுகிறது.

தன்னார்வலர்கள் வராமல் இல்லை. சமூகப் பொறுப்பு நாள் என்று ஒரு நிறுவனத்திலிருந்து ஒரே நிறச் சட்டையில் நாற்பது பேர் வந்து, ஆளுக்கு இரண்டு பக்கம் வாசித்து, மாணவர்களோடு படம் எடுத்துக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். நாற்பது குரலில், நாற்பது வேகத்தில் அமைந்த அந்தப் பதிவை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. சான்றிதழ் கிடைக்குமா என்று முதல் நாளே கேட்பவர்களிடம் எனக்கு எரிச்சல் வருவது உண்டு, ஆயினும் அவர்களைவிட நான் உயர்ந்தவள் என்று சொல்லிக்கொள்ளவும் தயக்கமாக இருக்கிறது. அவர்கள் சான்றிதழ் வாங்கிக்கொள்கிறார்கள், நான் மனநிறைவை வாங்கிக்கொள்கிறேன். இரண்டுமே இன்னொருவருக்கு எழுத்து எட்டவில்லை என்ற இல்லாமையின் மேல்தான் நிற்கின்றன. என்னுடைய வாழ்க்கைக்குப் பொருள் கிடைப்பதற்காக ஒருவர் என் குரலுக்குக் காத்திருக்க வேண்டும் என்றால், அந்த ஏற்பாட்டில் எனக்கு வசதியான ஏதோ ஒன்று இருக்கிறது, அது என்னை உறுத்துகிறது.

இவர்களைப் புனிதர்களாக்கிப் பேசுவதும் அதே வசதியின் இன்னொரு முகம்தான். கவனச்சிதறலைப் பற்றி நான் ஒருமுறை நீளமாகப் புலம்பியபோது, "நானும் ராத்திரி ஒரு மணி வரைக்கும் யூடியூபுலதான் அக்கா கெடக்கேன், அரசியல் விவாதம், கிரிக்கெட்டு" என்றார் தருமபுரி மாணவர். கேட்பதற்குக் காது போதும் என்றால் அந்த வலையும் காதுக்கு எட்டும்.

அவர்தான் இந்த வேலையின் போக்கையும் மாற்றினார். என் பதிவுகள் நன்றாக இருக்கின்றன, ஆனால் ஒரு பெயரைத் தேட வேண்டுமென்றால் நாற்பது நிமிடப் பதிவை முன்னும் பின்னும் ஓட்ட வேண்டியிருக்கிறது. ஒருங்குறியில் எழுத்துக் கோப்பாகக் கிடைத்தால் நொடியில் தேடிக்கொள்ளலாம், வேண்டிய வேகத்தில் தானே படித்துக்கொள்ளலாம் என்றார். மறுக்க எதுவும் இல்லை. அன்றிலிருந்து என் மாலைகளில் வாசிப்பு குறைந்து, மெய்ப்புத் திருத்தம் கூடியிருக்கிறது. பக்கத்தைப் படமெடுத்து, கூகுளின் எழுத்துணரி மூலம் உரையாக்கி, வரிக்கு வரி ஒப்பிட்டுத் திருத்துகிறேன். தமிழ் அச்சில் ரகரமும் கால் குறியும் ஒன்றுபோல இருப்பதால் எழுத்துணரி அவற்றைக் குழப்பும். ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் மாற்றும். மங்கிய தாளில் புள்ளிகளை விழுங்கிவிடும். குரலை வழங்கும்போது இருந்த பெருமிதம் இதில் இல்லை. என் பெயரோ சாயலோ எதுவுமில்லாத ஒரு கோப்பு மட்டுமே இறுதியில் எஞ்சுகிறது, அதுவே சரி என்றும் தோன்றுகிறது.

இப்படிச் செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று நண்பர்கள் கேட்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தக்கூடிய வடிவத்துக்கு ஒரு நூலை மாற்றுவதையும், அவர்களுடைய சொந்தப் பயன்பாட்டுக்கும் கல்விக்கும் ஆய்வுக்கும் அதைப் பகிர்வதையும், லாப நோக்கம் இல்லாதவரை, அனுமதிக்கிறது. பார்வையற்றோருக்கு நூல்கள் கிடைக்கச் செய்வதற்காக 2013இல் மராக்கேஷ் நகரில் உருவான உலக உடன்படிக்கையை 2014இல் முதல் நாடாக உறுதிசெய்ததும் இந்தியாதான். 2016இல் தொடங்கப்பட்ட சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் இந்திய மொழிகளில் இப்படி மாற்றிய நூல்கள் சேர்ந்து வருகின்றன. சட்டம் கதவைத் திறந்துவைத்து இத்தனை ஆண்டுகள் ஆகியும், தாம் அச்சுக்கு அனுப்பும் அதே கோப்பை ஒருங்குறியில் தர எத்தனை தமிழ்ப் பதிப்பாளர்கள் முன்வருவார்கள் என்பதுதான் கேள்வி. ஒருவர் தந்தால் எங்களைப் போன்றவர்களின் சில மாத வேலை மிச்சமாகும்.

அப்படி எல்லா நூலும் உரையாகக் கிடைத்துவிட்டாலும் படங்கள் எஞ்சும். இப்போது பொருளாதாரம் படிக்கும் ஒரு மாணவிக்கு உதவிக்கொண்டிருக்கிறேன். தேவைக் கோடு இடமிருந்து வலமாகக் கீழ்நோக்கிச் சரிகிறது என்று எத்தனை முறை சொன்னாலும், அச்சுகளோடு சேர்த்து அதை மனத்தில் நிறுத்துவது கடினம் என்கிறார். ஆகவே அட்டையில் பசை தடவி, தேவைக் கோட்டுக்குத் தையல் நூலும் அளிப்புக் கோட்டுக்குச் சணலும் ஒட்டிக் கொடுத்தேன். இரண்டும் வெட்டும் புள்ளியில் விரலை வைத்து, சமநிலை விலை இதுதானே என்று அவரே சொல்லிவிட்டார். அடுத்த பாடம் முற்றுரிமை. அதில் சராசரிச் செலவு, இறுதிநிலைச் செலவு, சராசரி வருவாய், இறுதிநிலை வருவாய் என்று ஒரே படத்தில் நான்கு கோடுகள் வருகின்றன. விரலுக்குத் தனித்தனியாகத் தெரியும்படி இன்னும் இரண்டு வகை நூல் வேண்டும். ஊசிமணிச் சரம் ஒன்றை முயன்று பார்க்கலாம் என்கிறார் அவர். எனக்கு அது பசையில் நிற்குமா என்று சந்தேகமாக இருக்கிறது.